4.5ஆ, 5.5ஆ? தோட்டத்தில் இரண்டு எயார் றைபிளையும் பாவித்த அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது குரங்கு சுடுவது பற்றியது இல்லை. முல்லைத்தீவில் முத்தையன்கட்டுப் பக்கம் கச்சான், சோளம், வாழை வைத்திருப்பவர்களுக்குக் குரங்குத் தொல்லையை நான் விளக்கத் தேவையுமில்லை. யானைவெடிக்குக் கொஞ்ச நாள் பயந்தன, பிறகு அதுவும் பழகிவிட்டது. இப்போது நான் செய்வது வேறு. தோட்டத்து ஓர மரங்களில் சாப்பாட்டுக் கோப்பை அளவுத் தகரத் துண்டுகளைக் கம்பியில் தொங்கவிட்டு, கூட்டம் இறங்கும்போது அதற்குப் பக்கத்துத் தகரத்துக்கு அடிக்கிறேன். காதுக்குப் பக்கத்தில் திடீரென்று 'டங்' என்று கேட்டால் தாய்க்குரங்கு முதலில் ஓடும், மற்றவை பின்னால் ஓடும். தகரம் ஆடிக்கொண்டு தொங்கவேண்டும், இறுக்கி ஆணி அடித்தால் ஈயம் திரும்பித் தெறிக்கும். பின்னால் வீடோ ஒழுங்கையோ இருக்கக்கூடாது. கண்ணாடி போடாமல் அடிக்கவும் கூடாது.

இதற்குத் துல்லியம் வேண்டும், ஏனென்றால் தகரத்தில் படவேண்டும், குரங்கில் படக்கூடாது. தூரம் 20 முதல் 40 மீற்றர் சொச்சம்.

என்னிடம் இருப்பது 4.5 மில்லிமீற்றர் குழல் விட்டம் உள்ளது, அண்ணாவிடம் 5.5. இரண்டும் ஒரே கம்பனியின் ஒரே மொடல், குழலை மடித்து இழுக்கிற ஸ்பிரிங் ரகம். ஸ்பிரிங் ஒன்றுதான், ஆகவே வெளியே வரும் சக்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரிய குண்டு என்றால் பெரிய சக்தி என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. 16 ஜூல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 0.55 கிராம் உள்ள 4.5 பெலட் (ஈயக் குண்டு) செக்கனுக்கு 240 மீற்றர் அளவில் கிளம்பும், 1.03 கிராம் உள்ள 5.5 பெலட் 176 மீற்றர் அளவில்தான் கிளம்பும். காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 30 மீற்றர் போவதற்குள் சின்னது குழலின் நேர்கோட்டிலிருந்து ஏழரை சென்ரிமீற்றர் விழுகிறது, பெரியது பதினான்கு. அதனால் தூரத்தைப் பிழையாக மதித்தால் 5.5 காரருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்டனை. மரத்தில் குரங்கு நிற்கும்போது யாரும் அடி அளந்து பார்ப்பதில்லை.

கனடாவில் இருக்கிற மச்சான் ஒருவன் உண்மையான றைபிளில், தானே தோட்டா நிரப்பி, நெடுந்தூர இலக்குக்கு அடிக்கிறவன். அவனோடு கதைத்தால் 308 வின்செஸ்டர் தோட்டாவா, அதைவிட மெல்லிய ரவை உள்ள 6.5 கிரீட்மோரா என்று விடிய விடியப் போகும். 308 வந்தது 1952இல், கிரீட்மோரை ஹோர்னடி கம்பனி கொண்டுவந்தது 2007இல். மெல்லியது குறைவாக விழும், காற்றுக்கும் குறைவாக விலகும், தோளிலும் குறைவாக உதைக்கும் என்பது அவன் கட்சி. அங்கே அது சரி, ஏனென்றால் 6.5 ரவை மெல்லியதாக இருந்தாலும் நீளமானது, நிறையில் பெரிதாகப் பின்தங்குவதில்லை, வேகத்தை விடாமல் வைத்திருக்கும். எங்கள் இடுப்பு ஒடுங்கிய பெலட்டில் மெல்லியது என்றால் நிறையும் பாதியாகிவிடுகிறது. அதனால் அவன் கதையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

சோளகத்தில் இதைக் கவனித்தேன். வைகாசி தொடங்கினால் குளத்துப் பக்கமிருந்து வருகிற காற்று வாழையிலையைக் கிழித்துப்போடும். பாரமான 5.5 விலகாது என்று கடைக்காரர் சொல்லுவார். விலகத்தான் செய்கிறது. பாரம் கூட, ஆனால் மெதுவாகப் போகிறது, காற்றுக்குத் தள்ள அதிக நேரம் கிடைக்கிறது. இரண்டுக்கும் நடுவே நான் பார்த்த வித்தியாசம் சின்னது, அந்தக் காரணத்துக்காக ஒருவர் 5.5 வாங்கத் தேவையில்லை.

நான் உண்மையில் சண்டை பிடிப்பேன் என்றால் பெலட்டைப் பற்றித்தான். எது உங்கள் குழலுக்குப் பிடிக்கும் என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தட்டை மூக்கு கடதாசி இலக்கில் அழகான வட்ட ஓட்டை போடும், 10 மீற்றர் ஒலிம்பிக் போட்டியில் அதுதான் பாவிக்கிறார்கள், ஆனால் 25 தாண்டினால் சிதறத் தொடங்கும். கூர் மூக்கு பார்க்க வீரமாக இருக்கும், அவ்வளவுதான். உருண்டை மூக்குதான் எங்கள் தூரத்துக்கு. செக் நாட்டு ஜேஎஸ்பியும் ஜெர்மன் எச் அன்ட் என்னும் கிடைத்தால் விடாதீர்கள், விலைக்கேற்ற சீர்மை உண்டு. மலிவுப் பெட்டி என்றால் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பிரியுங்கள், பாவாடை போல விரிந்த பின்பக்கம் நெளிந்ததை எறியுங்கள், கண்ணாடியில் உருட்டி நேராக ஓடாததையும் எறியுங்கள். மச்சான் தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுப்பது போல எங்களுக்கு நிறுக்கக் கிடைப்பது இது மட்டும்தான். மாரி காலத்தில் திறந்த பெட்டியில் ஈயம் வெள்ளையாகப் பூக்கும், மூடி வையுங்கள், தொட்ட கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள்.

அப்புறம் பிடி. ஸ்பிரிங் றைபிள் பின்னாலும் உதைக்கும், முன்னாலும் இழுக்கும், அதுவும் பெலட் குழலை விட்டுப் போக முன்பே. இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி இறுகும், அடியும் ஒவ்வொரு இடத்தில் போகும். உள்ளங்கையில் சும்மா கிடக்க விடுங்கள். மூட்டைக்கு மேல் நேரே வைத்து அடிக்கவும் வேண்டாம், இடையில் கை இருக்கட்டும். 4.5இல் பெலட் சீக்கிரம் வெளியேறிவிடுவதால் கொஞ்சம் மன்னிக்கும், 5.5 அவ்வளவு மன்னிக்காது. இந்த முன்பின் உதைப்பு சாதாரண ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) உடைத்தும் போடும், அண்ணாவின் முதலாவது ஸ்கோப்பில் குறிக்கோடு கழன்று விழுந்தது. எயார் றைபிளுக்கென்று செய்த, பத்து மீற்றர் வரை தெளிவு திருப்பக்கூடிய ஸ்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். குழல் பின்பக்கத்தால் எண்ணெய் விடச் சொல்லுகிறவர்கள் சொல்லை எடுக்காதீர்கள், பிஸ்டன் அழுத்தும் சூட்டில் அந்த எண்ணெய் பற்றிப் புகைந்து வேகத்தைக் கண்டபடி மாற்றும். வெளி இரும்புக்கு மட்டும் மெல்லிசாகத் துடையுங்கள். ஸ்பிரிங்கை இழுத்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகவும் கூடாது, பெலட் இல்லாமல் அடிக்கவும் கூடாது.

இவ்வளவும் 4.5 பக்கம் சாய்ந்தது போல இருக்கும், ஆனால் தகரத்தில் வருகிற சத்தம் 5.5க்குத்தான் பெரிது. அதே சக்தியென்றாலும் பாரமான பெலட்டின் தள்ளு கூட. அண்ணாவின் வாழைத்தோட்டம் ஒடுக்கம், எந்தத் தகரமும் 25 மீற்றரைத் தாண்டாது, தூரமெல்லாம் அவருக்கு மனப்பாடம். அங்கே 5.5 நன்றாகவே வேலை செய்கிறது. என் கச்சான் காணி திறந்த வெளி, அதனால் நான் 4.5ஐ மாற்றப் போவதில்லை. இரண்டையும் காணியை விட்டு வெளியே கொண்டுபோவதில்லை. தோளில் துவக்கோடு ஒருவர் வீதியால் வருவதைப் பார்க்க எங்கள் ஊரில் யாருக்கும் விருப்பமில்லை. வாங்க நினைத்தால் முதலில் பொலிசில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.