விண்டோஸ் 11க்கு மாறி எட்டு மாதம்: தொலைந்த பிரிண்டர் செட்டிங்ஸை மீட்ட அனுபவம்

கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தன் சந்திக்குக் கிட்ட என் கடை. போட்டோ கொப்பி, தட்டச்சு, அழைப்பிதழ், கல்வெட்டு (இறந்தவரின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகம்) எல்லாம் செய்கிறோம். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடியவிருந்ததால், ஒரு மாதம் முன்னரே கடைக் கம்பியூட்டரை 11க்கு ஏற்றினேன். கோப்பு ஒன்றும் அழியவில்லை. மூன்று பிரிண்டரும் பட்டியலில் பெயரோடு இருந்தன. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் ஒரு தங்கச்சி வந்தார். "அண்ணை, நாளைக்கு அம்மாவின்ர முப்பத்தொண்டு. விடியக் கல்வெட்டு கையில வேணும்." 16 பக்கம், 150 பிரதி. ஏ4 தாளில் இரண்டு புறமும் அடித்து நடுவால் மடித்தால் புத்தகம். லேசர் பிரிண்டர் தானாகத் திருப்பி அடிக்கும். முதல் தாளை எடுத்துப் பார்த்தேன். முன்புறம் அந்த அம்மாவின் படம். திருப்பினால் தேவாரம் தலைகீழாக நின்றது.

காரணம் சிறியதுதான். தாளைக் கிடையாக வைத்துப் புத்தகம் அடிக்கும்போது குறுகிய ஓரத்தால் திருப்ப வேண்டும். டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்கும் மென்பொருள், புதிதாக ஏறியதில் அது நீண்ட ஓரத்துக்குப் போய்விட்டது. மாற்றி அடித்தேன், சரிவந்தது. கோப்பை மூடித் திறந்தால் மறுபடி பழையபடி. அன்றிரவுதான் ஒன்றைச் சரியாக விளங்கிக்கொண்டேன். அச்சடிக்கும் நேரம் வருகிற பெட்டியில் மாற்றுவது அந்த வேலைக்கு மட்டும். பிரிண்டரின் 'பிரிண்டிங் ப்ரிஃபரன்ஸஸ்' என்பதில் மாற்றினால் அந்தப் பயனர் கணக்குக்கு நிற்கும். ப்ரொப்பர்டீஸில் 'அட்வான்ஸ்ட்' பக்கத்துக்குள் இருக்கும் 'பிரிண்டிங் டிஃபோல்ட்ஸ்' என்பதுதான் எல்லாக் கணக்குக்கும் அடிப்படை. தம்பி வேறு கணக்கில் வேலை செய்வதால் எனக்கு இந்த மூன்றாவது இடம்தான் முக்கியம்.

ஊசியால் குத்தி அடிக்கும் டொட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வேறு சிக்கல். சிறுபோக அறுவடை நேரம், ஒரு நெல் ஆலைக்கு பில் அடித்துக் கொடுக்கிறோம். 9.5க்கு 11 அங்குலத் தொடர் தாள், நடுவில் கிழிக்கும் கோடு, அதனால் ஒரு பில் 5.5 அங்குலம். அந்த அளவை டிரைவருக்குள் பதிந்து வைத்திருந்தேன், டிரைவரோடு அதுவும் போய்விட்டது. பிரிண்டர் ஏ4 என்று நினைத்துத் தாளைத் தள்ள, முதல் பில் சரி, அடுத்தது ஒரு பில்லைத் தாண்டி முக்கால் அங்குலமளவு கீழே இறங்கி நின்றது. இந்த முறை அளவை டிரைவரில் போடவில்லை. 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' பக்கத்தின் அடியில் உள்ள 'பிரிண்ட் சேர்வர் ப்ரொப்பர்டீஸ்' என்பதைத் திறந்து, 24.13க்கு 13.97 சென்ரிமீற்றர் என்று விண்டோஸிலேயே ஒரு தாளளவுப் படிவம் உருவாக்கினேன். பிறகு ஒருமுறை டிரைவரைக் கழற்றிப் போட்டும் அந்த அளவு அப்படியே இருக்கிறது. தொடர் தாளில் வேலை செய்கிறவர்கள் இதை முதலே செய்து வையுங்கள்.

வைஃபை பிரிண்டர் கரண்ட் போய் வரும்போதெல்லாம் 'ஓஃப்லைன்' காட்டியது. ரவுட்டரில் அதற்கு மாறாத ஒரு முகவரியை ஒதுக்கி, பிரிண்டரின் போர்ட்டை அந்த முகவரியால் நேரே இணைக்கும் ரீசிபி/ஐபி வகைக்கு மாற்றியதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. 'டிஃபோல்ட் பிரிண்டரை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும்' என்ற தெரிவையும் அணைத்துவிட்டேன். அது இருக்கும்வரை, கடைசியாக எதில் அடித்தோமோ அதுவே டிஃபோல்ட் ஆகிவிடும்.

மீட்டதைக் காப்பாற்றும் வழி? விண்டோஸ் ப்ரோவில் பிரிண்டர்களை மொத்தமாகக் கோப்பாக எடுத்துவைக்கும் கருவி இருக்கிறது. எனக்கு அதைவிட உதவுவது ஒவ்வொரு செட்டிங்ஸ் பக்கத்தையும் எடுத்த ஸ்கிரீன்ஷொட். அவற்றை அச்சடித்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். கம்பியூட்டர் திறக்காத நாளிலும் அது வாசிக்கக் கிடைக்கும்.

அந்தத் தங்கச்சியின் 150 பிரதியும் இரவு இரண்டு மணிக்கு முடிந்தன. விடிய வந்து வாங்கினவர் முதல் பக்கத்து முகத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்தார். படத்துக்கான நிற அளவுகளை மட்டும் என்னால் இன்னும் மீட்க முடியவில்லை, முன்பு எங்கும் எழுதி வைக்கவில்லை. பழைய கல்வெட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் சரிசெய்கிறேன். முகங்களில் சிவப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாகத்தான் வருகிறது.