ஏபிள்டன் யூட்டிலிட்டி: மோனோ பட்டனுக்கு முழு மதிப்பெண், பேஸ் மோனோவுக்குப் பாதிதான்

இசை செய்யும் மென்பொருளான ஏபிள்டன் லைவோடு வரும் எஃபெக்ட்களில் யூட்டிலிட்டிக்கு யாரும் ரசிகர் மன்றம் வைக்க மாட்டார்கள். ரிவெர்ப், டிலே, சாச்சுரேட்டர் என்றால் ஆளாளுக்கு வீடியோ போடுவார்கள். சத்தத்துக்கு ஒரு கெயின் குமிழ், அகலத்துக்கு ஒரு விட்த் குமிழ், கொஞ்சம் பட்டன்கள், அவ்வளவுதான் இருக்கிற இதற்கு யார் போடுவார்கள்? ஆனால் கிளப்பில் ஓடவேண்டிய டெக்னோ, ஹவுஸ், டிரான்ஸ் எதைச் செய்தாலும், காசு கொடுத்து வாங்கிய பிளக்-இன்களில் பாதியைத் தூக்கிப் போடச் சொன்னால் போட்டுவிடுவேன், இதை மட்டும் விடமாட்டேன். அதே சமயம் இதில் எல்லாரும் கொண்டாடுகிற பேஸ் மோனோ என்ற, கீழ் ஒலியை மட்டும் மோனோவாக்கும் பட்டன்மேல் எனக்கு அவ்வளவாக மரியாதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் மோனோ, அதாவது இடது வலது இரண்டையும் ஒரே ஒலியாக்குவது, எதற்கு என்ற பழைய சண்டை. ஹெட்போனில் உட்கார்ந்து மிக்ஸ் செய்கிறவருக்கு ஸ்டீரியோதான் உலகம், இடது காதில் ஒரு ஷேக்கர், வலது காதில் ஒரு எக்கோ, நடுவில் கிக் டிரம், சுகமாக இருக்கும். கிளப் தளத்தில் அந்த நடு இடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இடது ஸ்பீக்கர் ஸ்டாக்கிலிருந்து 3 மீட்டரிலும் வலது ஸ்டாக்கிலிருந்து 10 மீட்டரிலும் நிற்கிற ஒருவருக்கு, வலது பக்க ஒலி சுமார் 20 மில்லிவிநாடி தாமதமாக, அதுவும் சத்தம் குறைந்து வந்து சேரும். அவருக்கு உங்கள் மிக்ஸின் இடது பாதிதான் கேட்கும். தளத்தின் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் நிறுத்தியிருக்கும் கிளப்களில் எது இடது எது வலது என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லை. அதனால்தான் பல இடங்களில் சிஸ்டத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் பேசாமல் மொத்தத்தையும் மோனோவாக்கிவிடுகிறார். மேல் ஒலியை ஸ்டீரியோவாக விட்டாலும், கீழ் ஒலிக்கான சப் ஸ்பீக்கர்களுக்குப் போவது பெரும்பாலும் இடமும் வலமும் கூட்டிய ஒரே சிக்னல்தான். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு மூடிய அறைக்குள் காது கண்டுபிடிப்பது கஷ்டம், எனவே அங்கே ஸ்டீரியோ வைத்து யாருக்கும் லாபமில்லை.

சரி, யூட்டிலிட்டிக்கு வருவோம். மோனோ பட்டனை அழுத்தினால் இடமும் வலமும் ஒன்றாகக் கூட்டப்படும். கூட்டும்போது இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பது அப்படியே நிற்கும், எதிரும் புதிருமாக இருப்பது ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எது நிற்கிறது, எது போகிறது என்று கேட்பதற்காகத்தான் இந்தப் பட்டன். நான் மதிப்பெண் கொடுப்பதும் இதற்குத்தான், ஏனென்றால் அகலத்துக்காக நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பதை ஒரே சொடுக்கில் காட்டிவிடுகிறது.

உதாரணத்துக்கு, ஒரு மோனோ கிளாப்பை அகலமாக்க எல்லாரும் செய்கிற தந்திரம்: ஒரு பக்கத்தை மட்டும் சில மில்லிவிநாடி தள்ளிவைப்பது. ஹாஸ் எஃபெக்ட் என்பார்கள். ஹெட்போனில் அற்புதமாக விரியும். அதே தந்திரத்தை மெட்டை வாசிக்கிற லீடுக்கு 10 மில்லிவிநாடி வைத்துச் செய்து மோனோ பட்டனை அழுத்துங்கள். 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளமாக மேலே வரை வரிசையாக விழுந்து, குழாய்க்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும். ஒலியின் பட்டைகளை ஏற்றி இறக்கும் ஈக்யூ வைத்து இதைச் சரிசெய்யவே முடியாது. பள்ளத்தில் சத்தமே இல்லை, இல்லாததை எப்படித் தூக்குவது?

சூப்பர்சா இன்னொரு கதை. ரோலண்ட் ஜேபி-8000 என்ற சின்தசைசர் 1996-இல் கொண்டுவந்தது: ஒரே சுரத்துக்கு ஏழு சா அலைகள், ஒவ்வொன்றும் கொஞ்சம் சுருதி விலகி. இன்றைய சாஃப்ட்வேர் சின்த்கள் இந்த மாதிரி யூனிசன் குரல்களை இடம் வலமாகப் பரப்பியும் விடுகின்றன. டிரான்ஸ் பிரேக்டவுனில் வானம் திறக்கிற மாதிரி இருக்கும் அந்த லீட், கிளப்பில் சன்னமாகப் போய் கிக்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், டிஜே மேல் பழி போட்டுக்கொண்டு நிற்பார்கள். தீர்வு ரொம்ப எளிது: பரப்பாத ஒரே ஒரு குரலை நடுவில் அடியாக வைத்துவிட்டு, பரந்ததை அதன்மேல் வையுங்கள். மோனோவில் பரந்தது எப்படிப் போனாலும் மெட்டு தப்பித்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோனோ பட்டனைப் புதிதாகக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு அடிமையாகிவிடுகிறார்கள். மோனோவில் அகலமாக இருப்பதெல்லாம் கொஞ்சம் குறையும், அது கோளாறு அல்ல. நல்ல ரிவெர்ப்பில், ஒலி நின்றபின் நீளுகிற இடது வாலுக்கும் வலது வாலுக்கும் சம்பந்தம் இருக்காது. அப்படிச் சம்பந்தமில்லாத ஒலியைக் கூட்டினால் நடுவில் இருப்பதோடு ஒப்பிடும்போது சுமார் 3 டெசிபல் இறங்கும். முழுக்க ஒரு பக்கம் தள்ளிவைத்த ஹை-ஹேட்டுக்கும் அதே கணக்குதான். மோனோவில் ரிவெர்ப் காய்ந்துபோச்சே என்று பதறி அதை ஏற்றினால், ஸ்டீரியோவில் மிக்ஸ் குளத்தில் மூழ்கிவிடும். 3 டெசிபல் இறங்கினால் விட்டுவிடுங்கள். ஆள் காணாமலே போனால் மட்டும் கவலைப்படுங்கள்.

இப்போது பேஸ் மோனோ. 2018-இல் லைவ் 10 வந்தபோது யூட்டிலிட்டிக்குள் சேர்த்தார்கள். ஒரு எல்லை வைத்து, 50 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் எங்கே வேண்டுமானாலும், அதற்குக் கீழே உள்ளதை மட்டும் மோனோவாக்கும், மேலே உள்ளதைத் தொடாது. பக்கத்தில் ஒரு ஹெட்போன் படம் இருக்கிறது, அதை அழுத்தினால் அந்தக் கீழ்ப்பகுதி மட்டும் தனியாகக் கேட்கும். லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஒன்றும் வரவில்லையே என்று குறை சொல்லாதீர்கள்.

இந்த யோசனை புதிதல்ல, வினைல் வெட்டுகிறவர்கள் பல காலமாகச் செய்வதுதான். ஸ்டீரியோ தட்டில் இடமும் வலமும் சேர்ந்த பகுதி ஊசியைப் பக்கவாட்டில் ஆட்டும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊசியை மேலும் கீழும் ஆட்டும். பேஸில் வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஊசி தட்டைவிட்டே எழும்பிக் குதிக்கும். அதனால் கீழ் ஒலியை மோனோவாக்க எலிப்டிகல் ஈக்யூ என்று ஒரு கருவி வைத்திருந்தார்கள். கிளப் இசையே பன்னிரண்டு அங்குலத் தட்டில் வளர்ந்தது, எனவே பேஸ் நடுவில் என்ற பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

அப்படியானால் என் குறை என்ன? பேஸ் மோனோ மருந்து என்று நினைக்கிறார்கள், அதுதான். 55 ஹெர்ட்ஸில் ஒரு பேஸ் குரல் இடதிலும், யூனிசன் விலகலால் 55.5 ஹெர்ட்ஸில் இன்னொன்று வலதிலும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டினால் 2 விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று முழுக்க அழித்துக்கொள்ளும். 128 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 128 அடி வேகத்தில், நாலு அடி கொண்ட ஒரு பார் 1.875 விநாடி, ஆக அந்தப் பள்ளம் ஒவ்வொரு பாரிலும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து, ஒருமுறை கிக்கோடு மோதும், அடுத்தமுறை இரண்டு கிக்குக்கு நடுவில் விழும். பேஸ் ஏன் சில இடத்தில் இடிக்கிறது, சில இடத்தில் பஞ்சாகிவிடுகிறது என்று கம்ப்ரெஸரைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். பேஸ் மோனோ போட்டால் இது சரியாகிவிடுமா? ஆகாது. கிளப் சிஸ்டத்தில் நடக்கவிருந்த சேதத்தை இப்போதே உங்கள் கோப்புக்குள் நிரந்தரமாக எழுதிக் கொடுத்துவிடும். செய்ய வேண்டியது சின்த்துக்குள்ளேயே: அடி ஒலிக்கு அலையை உருவாக்க ஒரே ஆஸிலேட்டர், யூனிசன் கிடையாது, கோரஸ் கிடையாது, ஒவ்வொரு சுரத்துக்கும் ஃபேஸ், அதாவது அலை, முதலிலிருந்து தொடங்கட்டும். அகலம் வேண்டுமானால் அதே மெட்டை இன்னொரு டிராக்கில் மேல் ஒலியாக வைத்து, அடியை வெட்டிவிட்டு, அதைப் பரப்புங்கள்.

பேஸ் மோனோ நிஜமாகவே உதவும் இடம், நீங்கள் உருவாக்காத ஒலி. பழைய தட்டிலிருந்து எடுத்த லூப், யாரோ பாட்டின் ஒரு பகுதியைத் தனிக் கோப்பாக அனுப்பிய ஸ்டெம், வெளியே பதிவு செய்த டிரம். அங்கே உள்ளே போய்த் திருத்த வழியில்லை, பட்டனை அழுத்தி, எல்லையை 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வைத்து, கூட்டியதில் ஓட்டை விழவில்லை என்று காதால் உறுதிசெய்துகொண்டால் போதும். 250, 300 என்று ஏற்றினால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களான கார்டுகளின் (chords) உடம்பே நடுவில் சுருங்கிவிடும்.

விட்த் குமிழ் 400 சதவீதம் வரை போகிறது. எதற்கென்று எனக்குப் புரியவில்லை, யாராவது சவால் விட்டிருப்பார்களோ என்னவோ. 100-க்கு மேல் ஏற்றி நீங்கள் சேர்ப்பதெல்லாம் இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், மோனோவில் அது ஒரு துளி மிஞ்சாது. ஆனால் அதே குமிழில் வலது கிளிக் செய்தால் மிட்/சைடு முறைக்கு மாறும் (மிட் என்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது, சைடு என்பது வித்தியாசம்), அதைப் பலர் கவனிப்பதில்லை. சைடு பக்கம் முழுக்கத் திருகினால் மோனோவில் எது காணாமல் போகுமோ அது மட்டும் தனியாகக் கேட்கும். ஒரு டிராக்கை முடித்ததும் இதைத்தான் நான் முதலில் செய்வேன். அங்கே ரிவெர்ப் வால், ஷேக்கர், காற்று மாதிரியான விஷயங்கள் மட்டும் கேட்டால் நிம்மதி. லீட் முழுசாக அங்கே உட்கார்ந்திருந்தால் வேலை இன்னும் பாக்கி.

குறைகள் இன்னும் இரண்டு. கியூபேஸ் மென்பொருளில் இருப்பதுபோல, நாம் கேட்பதை மட்டும் மாற்றும் கன்ட்ரோல் ரூம் என்ற தனிப் பகுதி லைவில் இல்லை, எனவே சோதனைக்கான யூட்டிலிட்டியை மெயின் டிராக்கில்தான் வைக்கவேண்டியிருக்கிறது. எக்ஸ்போர்ட் செய்யும்போது அதுவும் சேர்ந்தே போகும். மோனோ பட்டனுக்குக் கீபோர்டில் ஒரு எழுத்தை ஒதுக்கிவிடுங்கள், எக்ஸ்போர்ட்டுக்கு முன் ஒரு கண் வையுங்கள். ஆடியோ இன்டர்ஃபேஸிலேயே மோனோ பட்டன் இருந்தால் அதுவே உத்தமம், கோப்பைத் தொடாது. அப்புறம், மோனோவை இரண்டு ஸ்பீக்கரில் கேட்பது அரைச் சோதனைதான். இரண்டிலிருந்தும் வருவது அறையில் கலந்து தன் பங்குக்குக் குழப்பும். ஒன்றை அணைத்துவிடுங்கள். அவன்டோன் மிக்ஸ்கியூப் மாதிரி, பழைய ஆரடோன் பெட்டியின் வழியில் வந்த 5.25 அங்குல ஒற்றை ஸ்பீக்கர்கள் இதற்காகவே தனித்தனியாக விற்கப்படுகின்றன. வாங்க முடிந்தால் வாங்குங்கள், ஆனால் கிக்கும் சப்பும் அதில் சரியாக வராது, அந்த வேலைக்கு அது இல்லை.

வேறு மென்பொருள் வைத்திருப்பவர்கள் இதற்காக லைவுக்கு மாறவேண்டிய அவசியம் இல்லை. லாஜிக்கில் கெயின் பிளக்-இன்னில் மோனோ இருக்கிறது, எஃப்எல் ஸ்டுடியோவில் மிக்ஸரின் ஒவ்வொரு டிராக்கிலும் ஸ்டீரியோ செப்பரேஷன் குமிழ் இருக்கிறது. யூட்டிலிட்டியில் எனக்கு நிஜமாகவே குறையாகத் தெரிவது ஒரு கோரிலேஷன் மீட்டர் இல்லாததுதான். இடமும் வலமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று +1-லிருந்து -1 வரை காட்டுகிற ஒரு சின்னக் கோடு, மோனோ பட்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம், இடமும் தாராளமாக இருக்கிறது. இப்போதைக்கு வாக்செங்கோவின் கோரிலோமீட்டரை அதன் முன்னால் போட்டுக்கொள்கிறேன், இலவசம், ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்தும் காட்டும். முன்னால் என்பதைக் கவனியுங்கள். மோனோ பட்டனுக்குப் பின்னால் போட்டால் அது எப்போதும் +1-தான் காட்டும்.