பழைய மடிகணினிக்கு விண்டோஸ் 11ஆ, லினக்ஸ் மின்டா?

2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குப் போவதா, லினக்ஸ் மின்ட் என்ற வேறொரு இயங்குதளத்துக்கு மாறுவதா? திருகோணமலையில் இப்போது பலருக்கும் இதே குழப்பம்தான்.

செலவு
விண்டோஸ் 11: கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இல்லையென்றால், நன்றாக ஓடுகிற கணினியையே மாற்றச் சொல்கிறது மைக்ரோசொப்ட். (காசு நம்முடையது, முடிவு அவர்களுடையது!)
மின்ட்: இலவசம். 4 ஜிபி ரெம் போதும்.

பாவனை
விண்டோஸ்: பழகிய கை. ஃபோட்டோஷொப் ஓடும்.
மின்ட்: ஃபோட்டோஷொப் நேரடியாக ஓடாது. வேர்டுக்குப் பதிலாக இதில் வரும் லிப்ரே ஒஃபிஸில் வேர்ட் கோப்பின் அட்டவணைகள் சிலவேளை குலையும். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களுக்குப் பயமில்லை. எழுத்துருக் கோப்பை நிறுவினால் வாசிக்கலாம்.

என்.சி. வீதியில் ஸ்டூடியோ நடத்துபவருக்கு விண்டோஸ். உவர்மலையில் உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு மின்ட், யோசிக்கவே வேண்டாம்.