மேஜைக்காரன் எடுத்தது போக: ஆன்லைன் போக்கரில் என் நான்கு ஆண்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பிராம்ப்டனிலிருந்து அத்தை மகன் அழைத்தான். "மச்சான், நீ போக்கர் ஆடியவன்தானே? இங்கே ஒரு செயலியில் கணக்குத் தொடங்கி 100 டாலர் போட்டிருக்கிறேன். ஜெயிக்க ஏதாவது வழி சொல்" என்றான். அவன் இருக்கும் ஒன்டாரியோவில் 2022 ஏப்ரல் 4 முதல் அனுமதி பெற்ற நிறுவனங்கள் இதைச் சட்டப்படி நடத்துகின்றன. 19 வயது நிரம்பியிருந்தால் ஆடலாம். எனக்கு இங்கே அந்தக் கதை 2025 ஆகஸ்ட் தடைச் சட்டத்தோடே முடிந்துவிட்டது. போனில் உளறியதை ஒழுங்காக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு, பரணிலிருந்து பழைய கணக்கு நோட்டை இறக்கினேன். இறக்கியதும் பழைய எரிச்சலும் கூடவே இறங்கியது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் வேலை. ஆட்டம் எப்படிப் போனாலும் நோட்டு சரியாக இருக்கும். தேதியும் நேரமும், எத்தனை ஆட்டம், கொண்டுபோனது, கொண்டுவந்தது, மேஜை பிடித்தது என்று ஐந்து பத்திகள். ஆறாவதாக, சும்மா, அன்றைய மனநிலை. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கான அன்றைய தடைச் சட்டத்தை ரத்து செய்தது. நான் அந்த அக்டோபரில் தொடங்கினேன். 2023 ஏப்ரலில் வந்த மாநிலச் சட்டத்தின் தடை அட்டவணையில் ரம்மியும் போக்கரும் இருந்தன. நவம்பர் 9 அன்று அந்த இரண்டையும் நீதிமன்றம் விலக்கும் வரை நான் ஆடவில்லை. அந்த இடைவெளி போக, ஏறக்குறைய 40 மாதம், வாரத்தில் இரண்டு இரவு, 1 ரூபாய்/2 ரூபாய் பிளைண்ட் மேஜை (சீட்டு வரும் முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டும் சின்ன, பெரிய பிளைண்ட் தொகைகள்), 200 ரூபாய் நுழைவு. மொத்தம் சுமார் 36,000 ஆட்டங்கள்.

கூட்டல் இப்படி வந்தது. எதிரே உட்கார்ந்தவர்களிடமிருந்து நான் ஜெயித்தது 4,900 ரூபாய். நான் ஜெயித்த பாட்களிலிருந்து (பாட் என்பது ஓர் ஆட்டத்தில் நடுவில் சேரும் பணம்) மேஜை பிடித்துக்கொண்டது 5,760 ரூபாய். நிகரம், 860 ரூபாய் நட்டம்.

இந்த இரண்டு எண்களைத்தான் முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்த் திருவிழாவில், தோப்புக்குள் விடிய விடிய ரம்மி நடக்கும். பாய், சீட்டுக்கட்டு, பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் ஒருவர் கொண்டுவருவார். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று எடுத்து மடியில் கட்டிக்கொள்வார். விடிந்ததும் எழுந்து போகிறவர்களில் அவர் முகம் மட்டும் வாடியிருக்காது. ஆன்லைன் போக்கரில் அதற்குப் பெயர் ரேக். நான் ஆடிய இடத்தில் பாட் தொகையில் 5 சதவீதம். பெரிய பாட்களுக்கு உச்சவரம்பு உண்டு, ஆனால் 1/2 மேஜையில் பாட் அந்த வரம்பைத் தொடுவதே அபூர்வம். ஆகவே சின்ன மேஜையில் ஆடுபவன் முழு 5 சதவீதத்தையும் கட்டுகிறான், பெரிய மேஜையில் ஆடுபவன் வரம்போடு தப்பிக்கிறான். பஸ்ஸில் போகிறவனுக்கு வரியும் காரில் போகிறவனுக்குத் தள்ளுபடியும் கொடுத்தது போல. சமமாக ஆடத் தெரிந்த இரண்டு பேர் தலா 200 ரூபாயோடு உட்கார்ந்து, 100 ரூபாய்ப் பாட் எட்டு ஆடி, ஆளுக்கு நான்கு ஜெயித்து எழுந்தால் ஒவ்வொருவரிடமும் 180தான் இருக்கும். யாரும் தோற்கவில்லை. 40 ரூபாயைக் காணவில்லை.

எரிச்சல் அத்துடன் நிற்கவில்லை. 36,000 ஆட்டம் என்றால் பெரிய எண் போலத் தோன்றும். போக்கரில் அது சொற்பம். நூறு ஆட்டத்துக்கு எண்பது, தொண்ணூறு பெரிய பிளைண்ட் மேலும் கீழும் ஆடுவது இந்த விளையாட்டின் இயல்பு. அதன்படி கணக்குப் போட்டால், என் அளவு ஆட்டங்களில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே ஏறவோ இறங்கவோ செய்யலாம். அதாவது நான் பெருமையாக எழுதி வைத்த 4,900-இல் என் திறமை எவ்வளவு என்று என்னாலேயே சொல்ல முடியாது. மேஜை பிடித்த 5,760-இல் மட்டும் அதிர்ஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நோட்டில் நம்பக்கூடிய ஒரே எண் அதுதான்.

நியாயமாகவும் பேச வேண்டும். செயலியைக் குறை சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. எடுக்கச் சொன்ன பணம் ஓரிரு நாளில் வங்கிக்கு வந்தது. "எல்லாம் மோசடி, ஏஸ் ஜோடி வந்தாலே தோற்க வைக்கிறான்" என்று புலம்புகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஏஸ் ஜோடி 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும். எனக்கு 160 முறைக்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். ராஜா ஜோடியோடு மோதினால்கூட ஐந்தில் ஒரு தடவைக்குச் சற்றுக் குறைவாக ஏஸ் தோற்கும். அப்படி முப்பது முறை தோற்றிருந்தால் அந்த முப்பதும் நினைவில் இருக்கும், ஜெயித்த நூற்று முப்பது மறந்துபோகும். அதுவும் போக, 5 சதவீதம் பகிரங்கமாகவே கிடைக்கும்போது எதற்குச் சீட்டில் கை வைக்கப் போகிறான்?

சரி, அத்தை மகன் கேட்டதற்கு வருகிறேன். நான் கற்றதில் பாதிக்கு மேல் இந்த ரேக்கின் மீதிருந்த கோபத்தில் கற்றது.

பெரும்பாலான இடங்களில் ஃபிளாப் (எல்லோருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டு) விரியும் முன்பே ஆட்டம் முடிந்தால் ரேக் கிடையாது. இது தெரிந்த நாளிலிருந்து, ஆட வேண்டிய சீட்டு வந்தால் ரெய்ஸ் செய்து பந்தயத்தை உயர்த்தினேன், இல்லாவிட்டால் கவிழ்த்துவிட்டேன். சும்மா 2 ரூபாய் கட்டி நான்கைந்து பேரோடு ஃபிளாப் பார்க்கப் போவதை நிறுத்தினேன். குறிப்பாகச் சின்ன பிளைண்டில் உட்கார்ந்திருக்கும்போது "ஏற்கெனவே 1 ரூபாய் போட்டாயிற்று, இன்னும் 1 ரூபாய்தானே" என்ற நினைப்பு. அந்த ஒரு ரூபாய்கள்தான் என்னை அதிகம் கரைத்தன. போட்டது போனது. அடுத்த மூன்று சுற்றிலும் முதலில் பேச வேண்டியவன் நான், எல்லோரும் என்ன செய்யப்போகிறார்கள் என்று தெரியாமல். டீலர் பொத்தானில் இருப்பவன் எல்லோரையும் பார்த்துவிட்டுப் பேசுகிறான். ஒரே சீட்டுக்கு அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை. ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு முதல் ஸ்கூட் (ஆடாமல் சீட்டைக் கவிழ்ப்பது) எப்போது விடுவது என்று தெரியும். போக்கரில் நூற்றில் எழுபத்தைந்து முறையாவது அதைச் செய்யத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரே இனத்துச் சீட்டு ஐந்து சேரும் ஃப்ளஷுக்கு ஒன்று குறைகிறது என்று, கடைசிப் பொதுச் சீட்டான ரிவர் வரை துரத்துவது அடுத்த ஓட்டை. நான்காவது பொதுச் சீட்டான டர்ன் விழுந்துவிட்டது, பாட் தொகை 40 ரூபாய், எதிராளி 20 கட்டுகிறான் என்று வைத்துக்கொள். நீ 20 கட்டினால் பாட் 80. நான்கில் ஒரு முறை ஜெயித்தால் கட்டுப்படியாகும். ஆனால் மேஜை 4 ரூபாய் எடுத்துவிடும், கைக்கு வருவது 76. இப்போது நூற்றில் 26 முறைக்கு மேல் ஜெயிக்க வேண்டும். உனக்கு உதவும் சீட்டு ஒன்பது, நீ பார்க்காத சீட்டு 46. நூற்றில் இருபது முறைகூட வராது. ஃப்ளஷ் அமைந்த பிறகு அவன் இன்னும் பணம் கட்டுவான் என்ற நிச்சயம் இல்லாவிட்டால் கவிழ்த்துவிடு. இதை நான் புரிந்துகொள்ள ஓராண்டு ஆயிற்று. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான்!

சின்ன மேஜையில் ப்ளஃப் (கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டுவது) அடிப்பது சுவரோடு பேசுவது. அங்கே இருப்பவர்கள் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, சீட்டைப் பார்க்க வந்தவர்கள். கவிழ்ப்பதற்கு வரவில்லை. ஒரு ஜோடி கையில் இருந்தால் கடைசி வரை கட்டுவார்கள். அவர்களை மிரட்டாதே. நல்ல சீட்டு இருக்கும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்டு, அவ்வளவுதான். நான்கு சீட்டு வைத்து ஆடும் ஒமாஹா போக்கர் பக்கம் ஒரு மாதம் போனேன். பாட் பெருத்தது, ரேக்கும் பெருத்தது, திரும்பி வந்துவிட்டேன். போட்டித் தொடர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வீட்டில் அனுமதி இல்லை.

பணத்துக்கு வருகிறேன். அத்தை மகன் 100 டாலரை 50 சென்ட்/1 டாலர் மேஜைக்கு முழுதாகக் கொண்டுபோக நினைத்திருக்கிறான். அது ஒரே ஒரு நுழைவு. நல்லபடி ஆடியும் ஒரு மணி நேரத்தில் போகக்கூடியது. அதே 100 டாலர் 2 சென்ட்/5 சென்ட் மேஜையில் இருபது நுழைவு. அங்கே கற்றுக்கொள்ளட்டும். நான் 5,000 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, அதற்கு மட்டும் யுபிஐ இணைத்து, சம்பளக் கணக்கைச் செயலிக்குக் காட்டவே இல்லை. ஓர் இரவுக்கு ஒரு நுழைவு, அது போனால் எழுந்துவிட வேண்டும் என்பது விதி. விதியை மீறிய நாள்கள் நோட்டில் இருக்கின்றன. ஆறாவது பத்தியில் அன்றைக்கெல்லாம் ஒரே சொல்தான்: "விட்டதைப் பிடிக்க."

அந்த ஆறாவது பத்திதான் எனக்குக் கிடைத்த எதிர்பாராத லாபம். அதைப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், பொழுது போகாமல் நள்ளிரவுக்கு முன், பின் என்று கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். 12 மணிக்கு முன் ஆடியதில் 3,040 ரூபாய் வரவு. 12-க்குப் பின் ஆடியதில் 3,900 ரூபாய் செலவு. ஜெயித்த இரவில் பத்தரைக்கே தூங்கப் போயிருக்கிறேன், தோற்ற இரவில்தான் மணி தாண்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று விதி கொண்டுவந்தபோது நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. நான் நோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். என் மனைவி மூன்று ஆண்டாகப் போட்டுவந்த அதே விதி.

வரியைப் பற்றி இரண்டு வரி. 2023 அக்டோபர் முதல் செலுத்தும் பணத்தின் மீதே 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. நான் போட்ட 2,000 ரூபாயில் 437 ரூபாய் 50 காசு அங்கேயே போயிற்று, சலுகைப் புள்ளி என்று ஏதோ திருப்பிக் கொடுத்தார்கள். நிகர வெற்றிக்கு 30 சதவீதப் பிடித்தம். 2024-25-இல் 1,400 ரூபாய் ஜெயித்தேன், 420 ரூபாய் வரி. அடுத்த ஏப்ரலிலிருந்து தோற்றதை அதில் கழிக்க வழி கிடையாது. அத்தை மகனுக்கு இந்தத் தொல்லை இல்லை, பொழுதுபோக்காக ஆடுபவர் ஜெயித்ததற்குக் கனடாவில் பொதுவாக வருமான வரி கிடையாது. கொடுத்துவைத்தவன்.

கடைசியாக அந்தத் தடைச் சட்டம்: 2025 ஆகஸ்ட் 20 மக்களவை, 21 மாநிலங்களவை, 22 குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமை ஆட்டமா அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பழைய வழக்கு முழுவதையும் மூன்றே நாளில் சுருட்டி வைத்துவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் நாடு முழுவதும் தடை செய்தார்கள். என் மீதி 3,118 ரூபாய் பத்திரமாக வந்துசேர்ந்தது. அதற்குப் பிறகு வெளிநாட்டுத் தளங்களின் இணைப்புகளை நண்பர்கள் அனுப்புகிறார்கள். நான் தொடுவதில்லை. அங்கே பணம் நின்றுபோனால் போய்க் கேட்க ஒரு கதவு கிடையாது.

அந்த 420 ரூபாய் வரியையும் சேர்த்து என் நட்டம் 1,280 ரூபாய். 40 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 32 ரூபாய். டீ செலவுகூட இல்லை. 520 மணி நேரம் மூளைக்கு வேலை கொடுத்த ஒரு பொழுதுபோக்குக்கு இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும் என்று எந்தக் கணக்கரும் கேட்பார். நானும் கேட்டுப் பார்த்தேன். ஆனாலும் யாராவது கணக்குத் தொடங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது. நாளைக்கே தடை நீங்கினாலும் நான் போக மாட்டேன். 1,280 எனக்குப் பெரிதில்லை. அந்த 5,760-ஐத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இதையெல்லாம் அத்தை மகனுக்கு அனுப்பினேன். படித்தானா தெரியவில்லை. நேற்று காலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தான், கீழே "முதல் பாட் ஜெயித்துவிட்டேன் மச்சான்" என்று. நல்லவேளை, 2 சென்ட்/5 சென்ட் மேஜை. பெரிதாக்கிப் பார்த்தேன். பாட் 3 டாலர் 20 சென்ட், அவனுக்கு வந்தது 3 டாலர் 4 சென்ட். 16 சென்ட்டை நோட்டில் எழுதி வை என்று பதில் போட்டேன்.

எந்த நோட்டு என்று கேட்கிறான்.