ஒரே பந்தயம், இரண்டு கைப்பேசி, இரண்டு ‘உறுதியான’ குதிரை: மதுரை ரேஸ் டிப்ஸ் குழு பற்றி ஓர் எச்சரிக்கை

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் ‘இன்றைய ரேஸ் கணிப்பு’ என்ற பெயரில் டெலிகிராமில் குழுக்கள் நடத்தி, மாதச் சந்தா வாங்கிக்கொண்டு, ஒரே பந்தயத்துக்கு ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு குதிரையின் எண்ணை அனுப்பிப் பணம் பார்க்கும் ஒருவரிடம் நான் ஏமாற்றப்பட்டேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. காவல்துறையில் கொடுத்த புகாரில் எழுதியிருக்கிறேன். அவர் எப்படிப் பேசுகிறார், எப்படிப் பணம் கேட்கிறார், கணிப்பு பொய்த்தபின் எப்படி மறைக்கிறார் என்பதை விவரமாகச் சொல்வதற்கே இந்தப் பதிவு. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஆட்களும் அந்தக் குழுக்களில் இன்னும் இருக்கிறார்கள்.

சிம்மக்கல் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் கிடந்த துண்டறிக்கை மூலம்தான் அவரைப் பற்றித் தெரியவந்தது. பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், புனே ஆகிய நான்கு ஊர் ரேஸ்களுக்கும் காலையிலேயே வெற்றிக் குதிரைகள் சொல்லப்படும் என்றும், முதல் வாரம் இலவசம் என்றும் அதில் அச்சிட்டிருந்தார்கள். அடியில், ‘குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இந்த ஒரு வரியை அவர் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டப்படி நடக்கும் தொழில் என்ற எண்ணத்தை அதுதான் உண்டாக்குகிறது.

அப்படி ஒரு தீர்ப்பு இருப்பது உண்மை. தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் கொண்டுவந்த சட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த வழக்கில், டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற பெயரில் 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை வழங்கியது. குதிரையின் வம்சம், பயிற்சி, முந்தைய ஓட்டங்கள், அதை ஓட்டும் ஜாக்கியின் திறன் ஆகியவற்றை ஆராய்ந்தே ஒருவர் குதிரையைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதால், அதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று நீதிமன்றம் கருதியது. ஆனால் அந்த வழக்கு பந்தயத் திடலில் முறையாக நடக்கும் ரேஸைப் பற்றியது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு முகம் தெரியாத ஒருவரின் தனிப்பட்ட கணக்கில் நாம் போடும் பணத்துக்கு அந்தத் தீர்ப்பு எந்தப் பாதுகாப்பும் தராது. நீதிமன்றம் சொன்ன ஆராய்ச்சியில் ஒரு துளியாவது அவர் அனுப்பிய கணிப்புகளில் இருந்திருந்தால், நான் இவ்வளவு கோபத்துடன் எழுதியிருக்க மாட்டேன்.

ஒரு நாள் ரேஸை முன்கூட்டிக் கணிப்பது உண்மையில் கடினமான வேலை. அதை ஒழுங்காகச் செய்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வலுவான குதிரைக்குக் கூடுதல் எடை வைத்துப் போட்டியைச் சமன்செய்யும் ஹேண்டிகேப் பந்தயத்தில், ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு ரேட்டிங் (திறன் மதிப்பெண்) இருக்கும். ரேட்டிங் கூடக்கூட முதுகில் சுமக்கும் எடையும் கூடும். வழக்கமாக இரண்டு புள்ளிக்கு ஒரு கிலோ என்ற கணக்கு. ஆகவே போன முறை வென்ற குதிரை இந்த முறை கூடுதல் எடையுடன் ஓட வேண்டியிருக்கும். அப்போது அதற்குப் பின்னால் சிறிய இடைவெளியில் வந்த குதிரைக்கு இந்த முறை வாய்ப்பு திறக்கிறது. பயிற்சி நிலையில் இருக்கும் இளம் ஜாக்கி ஏறினால் எடையில் சலுகை கிடைக்கும். 1200 மீட்டரில் பாய்ந்து ஓடும் குதிரை 1600 மீட்டரில் மூச்சு வாங்கலாம். குறுகிய தூர ஓட்டத்தில் எந்தத் தடத்திலிருந்து புறப்படுகிறது என்பதும் கணக்கில் வரும். புனேயிலும் பெங்களூரிலும் மழைக்காலத்தில் தரை இளகிவிட்டால், உலர்ந்த தரையில் எடுத்த நேரங்களை நம்பிப் பயனில்லை. முதன்முறையாகக் கண்மறைப்பு அணியப் போகிறதா, காலைப் பயிற்சியில் கடைசி 600 மீட்டரை எத்தனை விநாடியில் முடித்தது, நீண்ட ஓய்வுக்குப் பின் வருகிறதா என்று இன்னும் எத்தனையோ பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்த ஒருவர் ‘இந்த இரண்டில் ஒன்று வரும், மூன்றாவது ஒன்று இடையில் புகலாம்’ என்றுதான் எழுதுவார். படிப்பவர் அந்தக் காரணங்களை ரேஸ் புத்தகத்துடன் ஒப்பிட்டு, ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம்.

சந்தா கட்டிய எனக்கு வந்தவை இப்படி இருந்தன: ‘மைசூரு, மூன்றாவது ரேஸ், நம்பர் 3, நூறு சதவீதம் உறுதி, பெரிய அளவில் வைக்கவும்.’ எடை இல்லை, தூரம் இல்லை, காரணம் இல்லை. கேட்டால், ‘தகவல் லாயத்திலிருந்து வருகிறது, வெளியே சொன்னால் வராது’ என்பார்.

அந்த மூன்றாவது ரேஸ் அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. யானைக்கல் பக்கம் ஒரு டீக்கடையில், அதே ஆளிடம் சந்தா கட்டியிருந்த திருமங்கலத்துத் தம்பி ஒருவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். “அண்ணே, இன்னைக்கு மூணாவது ரேஸ்ல ஏழாம் நம்பர் போட்ருக்காரு, பாத்தீங்களா?” என்று கேட்டார். “எனக்கு மூணாம் நம்பர்னுல வந்திருக்கு தம்பி” என்றேன். இரண்டு கைப்பேசிகளையும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரே நிமிடத்தில் வந்த செய்தி. அதே சொற்கள், அதே மூன்று ஆச்சரியக்குறிகள், ‘உறுதி’ என்ற சொல்லில் விழுந்திருந்த அதே எழுத்துப்பிழை. எண் மட்டும் வேறு. குழுவின் பெயரில் அவருக்கு ‘ஏ’ என்றும் எனக்கு ‘டி’ என்றும் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

அன்று வென்றது ஏழாம் எண். கொஞ்ச நேரத்தில் என் குழுவில் இருந்த செய்தியிலும் 3 என்பது 7 ஆக மாறியிருந்தது. டெலிகிராமில் குழு நடத்துபவர் பழைய செய்தியைத் திருத்த முடியும். திருத்தினால் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அதற்கான குறிப்பு தெரியும். அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. செய்தியை முழுவதுமாக நீக்கிவிட்டால் அந்தத் தடயமும் இருக்காது. மறுநாள் அந்த ‘ஏ’ குழுவின் படத்தை எடுத்து, ‘நேற்றும் நாமே வென்றோம்’ என்று எல்லாக் குழுக்களிலும் போட்டார்.

கணக்கு எளிமையானது. எட்டுக் குதிரை ஓடும் பந்தயத்தில் 800 பேரை எட்டாகப் பிரித்து ஆளுக்கொரு குதிரை சொன்னால், 100 பேருக்கு நிச்சயம் பலிக்கும். அந்த 100 பேரை அடுத்த ரேஸில் மறுபடியும் எட்டாகப் பிரித்தால், சுமார் 12 பேருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பலித்திருக்கும். அந்தப் பன்னிரண்டு பேரின் கண்ணுக்கு அவர் தெய்வ வாக்கு சொல்பவர். இலவச வாரத்தின் நோக்கமே அந்தப் பன்னிரண்டு பேரைக் கண்டுபிடிப்பதுதான். அவர்களுக்குத்தான் ‘டெர்பி ஸ்பெஷல்’, ‘ஜாக்பாட் ஸ்பெஷல்’ என்று பெரிய தொகைக்குத் திட்டங்கள் வரும். ஐந்து ரேஸ்களிலும் வெற்றிக் குதிரையைச் சரியாகச் சொல்ல வேண்டிய ஜாக்பாட்டை ஒருவர் வாரந்தோறும் உறுதியாகச் சொல்கிறார் என்பதை நம்பவைக்க, முதலில் இப்படி ஒரு வடிகட்டல் அவருக்குத் தேவைப்படுகிறது.

தோற்ற நாட்களில் இரண்டு விளக்கங்கள் வரும். ஒன்று, ‘ஜாக்கி இழுத்துப் பிடித்துவிட்டான்.’ ஒரு குதிரை சந்தேகப்படும்படி ஓடினால் ஸ்டீவர்டுகள் (பந்தயத்தை மேற்பார்வையிடும் அதிகாரிகள்) விசாரிப்பார்கள், ஜாக்கியைத் தண்டிக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவர் குற்றம் சொன்ன எந்த ரேஸிலும் அப்படி ஒரு விசாரணை நடந்ததாக நான் தேடியவரை காணவில்லை. காசுக்காகக் கண்ணில் படாத ஒரு ஜாக்கியின் பெயரைக் கெடுப்பது எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. மற்றொன்று, ‘குதிரை கடைசி நேரத்தில் விலக்கப்பட்டது.’ விலக்கப்பட்ட குதிரையின் மீது கட்டிய டோட் (எல்லோரும் கட்டும் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, வென்றவர்களுக்குப் பகிரும் ரேஸ் கிளப்பின் முறை) டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது ரேஸ் பார்க்கிற யாருக்கும் தெரியும். ஆகவே அந்தப் பொய் அதிக நாள் நிற்காது.

இதைவிட மோசமானது அடுத்த கட்டம். ‘உங்களால் பெங்களூருக்கு வர முடியாது, பணத்தை எங்களுக்கு அனுப்புங்கள், எங்கள் ஆள் உங்களுக்காகக் கட்டுவார், மாதத்தில் இரட்டிப்பாகும்’ என்றார். யுபிஐ எண்ணில் தெரிந்த பெயர் அவருடையது அல்ல. கேட்டதற்கு மைத்துனர் கணக்கு என்றார். நான் அனுப்பிய தொகைக்கு ஒரு டோட் டிக்கெட்டின் படம்கூட வரவில்லை. குதிரைப் பந்தயத்தில் கட்டும் தொகை மீது 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாகிவிட்டது. வரியும் கிளப்பின் பங்கும் போக மிஞ்சுவதைத்தான் டோட்டில் வென்றவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். நிறையப் பேர் ஒரே குதிரையில் கட்டினால் பங்கு இன்னும் சிறுத்துவிடும். நன்றாகக் கணிக்கத் தெரிந்தவருக்கே கை கடிக்கும் நிலையில், மாதத்தில் இரட்டிப்பு என்ற வாக்குறுதியை யார் தந்தாலும் அது பொய்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்.

இதற்கு மதுரை ஏன் வசதியாக இருக்கிறது என்பதும் புரிகிறது. ரேஸ்கோர்ஸ் என்ற பெயர் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் இருக்கும் பகுதியில் இன்றும் வழங்குகிறது, ஆனால் குதிரை ஓடுவதைப் பார்க்க நாம் வெளியூர்தான் போக வேண்டும். மேலூர், சிவகங்கைப் பக்கம் எல்கைப் பந்தயத்தில் குதிரைவண்டி ஓட்டுகிறவர்கள் ஒரு குதிரையின் நடையைப் பார்த்தே அதன் நிலையைச் சொல்வார்கள். அந்த ரசனை உள்ள ஊர்களைத் தேடித்தான் இந்தத் துண்டறிக்கைகள் போகின்றன. கண்ணால் பார்க்க முடியாத குதிரையின் எண்ணை மட்டும் கைப்பேசியில் அனுப்பினால், அந்த அனுபவம் எதையும் பயன்படுத்த வழியில்லை.

1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லிப் புகார் பதிவு செய்து, வங்கிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. அதே ஆள் இப்போது குழுவின் பெயரை மாற்றிவிட்டார். முகப்பில் அதே வெள்ளைக் குதிரைப் படம்தான் இருக்கிறது. அவருடைய குழுக்களில் இருப்பவர்கள் காலையில் வரும் செய்தியை ரேஸ் தொடங்குமுன் நேரம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்; தெரிந்தவர் வேறு குழுவில் இருந்தால் அவருக்கு வந்ததையும் வாங்கி வையுங்கள். பணம் அனுப்பியிருந்தால் யுபிஐ பரிவர்த்தனை எண்ணுடன் உடனே 1930இல் சொல்லுங்கள், ஏனெனில் பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குமுன் சொன்னால்தான் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. திருமங்கலத்துத் தம்பியின் படமும் என் படமும் புகாரோடு சேர்ந்துள்ளன. ‘பி’, ‘சி’ குழுக்களில் அன்று மூன்றாவது ரேஸுக்கு வந்த எண்களை வைத்திருப்பவர்கள் தங்கள் புகாரிலும் அவற்றைச் சேர்க்க வேண்டுகிறேன்.