12 நாள் பயிற்சியை நம்பி லாரிச் சாவியை வாங்காதீர்கள்

செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு பக்கம் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு வேலை தேடும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் போன வாரம் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து காட்டினான். "அனுபவம் தேவையில்லை, நாங்களே பயிற்சி தந்து வேலையும் தருகிறோம்." அதே வாசகத்தை நம்பிப் போய் 15,000 ரூபாயையும் இரண்டு மாதச் சம்பளத்தையும் இழந்தவன் நான். பணம் போனதுகூடப் பரவாயில்லை. ஒரு பஸ் நிறைய ஆட்கள் பின்னால் நிற்க, 18 டன் சிமெண்டோடு பின்பக்கமாக உருண்டேன். அது இன்னும் தூக்கத்தில் வருகிறது.

அதற்கு முன்னால் ஐந்து வருஷம் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டினேன். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு புனலூர், கொட்டாரக்கரை போவேன். கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம், தென்மலை எல்லாம் எனக்கு மனப்பாடம். ரோடு தெரிந்தால் போதும், வண்டி பெரிதானால் என்ன என்றுதான் நானும் நினைத்தேன்.

கம்பெனியின் யார்டு திருநெல்வேலி பக்கம் இருந்தது. பெயர் போடவில்லை. இப்படி நடத்துகிறவர்கள் அவர்கள் மட்டும் இல்லை. பயிற்சிக் கட்டணம் 15,000, ஒரு வருஷம் வேலை பார்த்தால் திருப்பித் தருவோம் என்றார்கள். ஒரிஜினல் லைசென்ஸை "ஃபைலுக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். முதல் மூன்று மாதம் சீனியர் டிரைவர் ஒருவர் கூடவே வருவார் என்றும் சொன்னார்கள். அதை எழுத்தில் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

12 நாளில் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். பிறகு கூட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங் என் கையில் இருந்தது மொத்தமே ஒன்பதரை மணி நேரம். ஆறு பேருக்கு ஒரு வண்டி, அதனால் ஒருவர் ஓட்ட ஐந்து பேர் வேடிக்கை பார்ப்போம். ஓட்டியதெல்லாம் காலி வண்டி. கயத்தாறு வரைக்கும் நான்கு வழிச்சாலையில் நேராகப் போய் நேராகத் திரும்பி வருவது. இரண்டு நாள் செல்போன் ஆப்பில் டெலிவரி பதிவது, ஜிபிஎஸ், பில் வாங்குவது. ஒரு நாள் முழுக்கப் படிவங்களில் கையெழுத்து. லோடு ஏற்றிய வண்டியில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. இரவில் ஓட்டவில்லை. மலையை யார்டில் ஒரு படமாகத்தான் காட்டினார்கள். சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்குக் கொடுத்த நாளே அவ்வளவுதான்.

13ஆவது நாள் சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். பத்துச் சக்கர வண்டி, 360 மூட்டை சிமெண்ட், கொல்லம் போகணும். கூட வர வேண்டிய சீனியர் எங்கே என்று கேட்டேன். "ஆள் லீவு. உனக்குத் தெரிஞ்ச ரோடுதானே, போயிட்டு வா" என்றார். கிளீனரும் கிடையாது. மறுத்தால் வேலை போய்விடும் என்ற பயத்தில் ஏறிவிட்டேன். நான் செய்த தப்பு அதுதான்.

புளியரையைத் தாண்டும்போது மணி பத்து இருக்கும். எஸ் வளைவில் ஏறும்போது மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு மாற்ற வேண்டும். அதை வளைவுக்கு முன்னாலேயே மாற்றியிருக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. குட்டி யானையில் நடுவளைவில் மாற்றிப் பழகிய கை. கிளட்சை மிதித்தேன், கியர் விழவில்லை. லோடு வண்டி அந்த ஒரு நொடிக்குக்கூடக் காத்திருக்காது. அப்படியே நின்றது. பதற்றத்தில் கிளட்சை விட்டேன், இன்ஜின் ஆஃப் ஆனது.

இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். லாரி பிரேக் காற்றழுத்தத்தில்தான் பிடிக்கும், கம்ப்ரெஸர் ஓடாததால் புதிதாக ஏர் ஏறாது. டேங்கில் இருப்பதுதான் கணக்கு, பிரேக்கை ஒவ்வொரு முறை விட்டு மிதிக்கும்போதும் அது குறையும். இதையெல்லாம் படத்தில் காட்டியிருந்தார்கள். ஆனால் என் கால் அதைக் கேட்கவில்லை. பிரேக்கை விட்டு விட்டு மிதித்தேன். மீட்டரில் முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. ஸ்டார்ட் பண்ணி, அவசரமாக ஹேண்ட் பிரேக்கை எடுத்துக் கிளட்சை விட்டேன். மறுபடி ஆஃப். வண்டி பின்னால் போனது. நான்கைந்து அடிதான் இருக்கும். சக்கரம் திரும்பி இருந்ததால் பின்பக்கம் ஒதுங்கி ரோட்டோரத் தடுப்புச் சுவரில் இடித்து நின்றது. கண்ணாடியில் பஸ்ஸின் ஹெட்லைட் தெரிந்தது. உள்ளே ஒரு அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பதும் தெரிந்தது.

பஸ்ஸுக்குப் பின்னால் நின்ற லாரியிலிருந்து ஒரு அண்ணாச்சி ஓடி வந்தார். கையில் கட்டை. நேராக என் பின்சக்கரத்துக்கு அடியில் போட்டுவிட்டு, ரோட்டோரத்தில் கிடந்த ஒரு கல்லையும் உருட்டி அடுத்த சக்கரத்துக்கு வைத்தார். அப்புறம்தான் கதவுப் பக்கம் வந்தார்.

"தம்பி, கால எடு. ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டுச் சும்மா இரி. முதல்ல ஏர் ஏறட்டும்."

இன்ஜினை ஓடவிட்டு முள் ஏறும்வரை நின்றோம். பஸ்காரர் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபர்ஸ்ட் கியர். ஹேண்ட் பிரேக்க எடுக்காம கிளட்ச மெள்ள விடு. சத்தம் மாறும், கேபின் நடுங்கும். அப்ப எடு, முன்னாடி எடுக்காத." சத்தம் மாறியது, கேபின் நடுங்கியது, எடுத்தேன். வண்டி ஏறியது. இதைச் சொல்லிக்கொடுக்க எடுத்த நேரம் மூன்று நிமிஷம். 12 நாளில் இந்த மூன்று நிமிஷம் எனக்குக் கிடைக்கவில்லை.

கோட்டைவாசல் தாண்டி வண்டிகளை ஓரம் கட்டிவிட்டுப் பேசினோம். அவர் நான்கு வருஷம் கிளீனராக இருந்து அப்புறம் ஸ்டீயரிங் பிடித்தவர். அந்தக் காலத்தில் கிளீனராகத் தார்ப்பாய் கட்டி, டயரைத் தட்டிப் பார்த்து, ஏற்றத்தில் கட்டையோடு குதித்து, டிரைவர் எந்த இடத்தில் எந்த கியர் போடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டார்கள். இரட்டை டயரில் உள் டயர் காற்று போயிருந்தால் வெளியே தெரியாது, இரும்பால் தட்டும்போது வரும் மொத்தைச் சத்தத்தில்தான் தெரியும் என்று தட்டிக் காட்டினார். இறக்கத்தைப் பற்றியும் சொன்னார். ஏறுகிற கியரிலேயே இறங்கணும், இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடணும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவே கூடாது. கால் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் டிரம் சூடாகி, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் அப்போதே நிறுத்திவிடணும். இன்றைக்குக் கிளீனரை எடுத்துவிட்டார்கள். அந்த நான்கு வருஷத்துக்குப் பதிலாக 12 நாள் வைத்திருக்கிறார்கள்.

சட்டமே ஹெவிக்கு எவ்வளவு கேட்கிறது என்று பிறகுதான் விசாரித்தேன். லைட் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகாமல் டிரான்ஸ்போர்ட் வண்டிக்குப் பழகுநர் உரிமமே கிடையாது. மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதியில் கனரக வாகனப் பாடம் வகுப்பும் ஓட்டுவதும் சேர்த்து 38 மணி நேரம், அதை 6 வாரத்துக்குள் முடிக்கணும். காருக்கே அங்கே அப்படி 29 மணி நேரம். எனக்குக் கம்பெனியில் ஸ்டீயரிங் கிடைத்தது ஒன்பதரை மணி நேரம். 38 மணி நேரம் படித்தவனுக்கும் லோடோடு ஒரு மலை, இரவில் ஒரு மலை என்று ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்துதான் காட்டித் தரணும். டிரைவிங் ஸ்கூலில் அது கிடைக்காது. கம்பெனி செய்ய வேண்டிய வேலையே அதுதான்.

திரும்பி வந்ததும் பின்பக்க பம்பர், லைட், "கம்பெனி பெயர் கெட்டது" என்று என்னைக் கேட்காமலே கணக்குப் போட்டு அடுத்த இரண்டு மாதச் சம்பளத்தையும் பிடித்தார்கள். வேலையை விடுகிறேன் என்றதும் 15,000 கிடையாது என்றார்கள். லைசென்ஸையும் கொடுக்கவில்லை. லைசென்ஸைப் பிடித்து வைக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 206ஆவது பிரிவின்படி போலீஸுக்கும் அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர்களுக்கும்தான் உண்டு. கம்பெனிக்கு இல்லை. அதை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறேன் என்றும் சேர்த்தேன். நாற்பதாவது நாள் லைசென்ஸ் கூரியரில் வந்தது. பணம் வரவில்லை, மனுவைக் கொடுத்திருக்கிறேன்.

சேரப் போகிறவர்கள் முதல் நாளே இதைக் கேளுங்கள். ஸ்டீயரிங் நேரம் எத்தனை மணி, அதில் லோடோடு எத்தனை, மலையில் எத்தனை, இரவில் எத்தனை? கூட வருகிறவர் எத்தனை டிரிப் வருவார்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். லைசென்ஸின் நகலை மட்டும் கொடுங்கள், டெபாசிட் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்ந்த பிறகு தனியாகப் போகச் சொல்லிச் சாவியைக் கொடுத்தால், மேஜை மேலேயே திருப்பி வைத்துவிடுங்கள். வேலை போனால் போகட்டும் தம்பி, வேறு வேலை கிடைக்கும்.

நான் இப்போது அந்த அண்ணாச்சியின் வண்டியில் இரண்டாவது ஆளாகப் போகிறேன். சம்பளம் குறைவுதான். ஸ்டீயரிங்கைப் பகலில், தென்மலைக்கு அந்தப் பக்கம் மட்டும் தருகிறார். எஸ் வளைவு வரும்போது இன்னும் அவர்தான் ஓட்டுகிறார், நான் கட்டையைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்.