சொப்பா, பிளாஸ்டிக் செட்டா, அடுக்களைப் பாத்திரமா? "3+" பெட்டியும் ஒன்றரை வயதுக் குழந்தையும்

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வீட்டில் மிகப் பிடித்த சாமான் பல நேரம் சீமாறுதான். பெருக்குகிறவர் கையிலிருந்து பிடுங்கும், தராவிட்டால் அழும். குட்டியாக ஒன்று வாங்கித் தரலாம் என்று ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ கொடைக்கானல் ஏழு ரோட்டிலோ கடை ஏறினால், பெருக்கும் செட், சமையல் செட், இஸ்திரிப் பெட்டி என்று பெரும்பாலானவற்றில் "3+" என்றே அச்சிட்டிருக்கும். ஆனால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிடும் வளர்ச்சிப் பட்டியலில், பெரியவர்களைப் பார்த்துத் துடைப்பத்தால் பெருக்குவது 18 மாதத்துக்கே வந்துவிடுகிறது. பொம்மைத் தட்டில் பொம்மைச் சாப்பாடு எடுத்து வைப்பது 2 வயதுக்கு. ஆசை வருகிற வயதுக்கும் பெட்டியில் உள்ள எண்ணுக்கும் நடுவே ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. அந்த இடைவெளியில் எதைத் துணிந்து வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பார்ப்போம்.

முதலில் "3+" ஏன் போடுகிறார்கள் என்பது தெரிய வேண்டும். சில செட்டில் விளையாட்டு கொஞ்சம் சிக்கலானது, அதனால் போடுகிறார்கள். அதை மீறினால் ஒன்றும் ஆகாது, குழந்தை தனக்குப் புரிந்த அளவு விளையாடும். மற்றதில் தொண்டையில் அடைக்கும் சிறு பாகம், காந்தம், நீளக் கயிறு, பட்டன் பேட்டரி என்று ஏதோ ஒன்று இருக்கும். அதை மீறவே கூடாது. சிவப்பு வட்டத்துக்குள் 0-3 என்று எழுதிக் குறுக்கே கோடு போட்ட குழந்தை முகம் இருந்தால் இரண்டாவது வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். "எங்க பாப்பா எதையும் வாயில் போடாது" என்ற நம்பிக்கையில் இந்தக் குறியைத் தாண்டாதீர்கள். புதுச் சாமானை வாயில் வைத்துப் பார்ப்பது இந்த வயதின் இயல்பு.

அளக்க ஒரு கருவி வீட்டிலேயே செய்யலாம். பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் சிறு பாகம் என்பதற்கு ஒரு குழாய் அளவு உண்டு: விட்டம் 31.7 மி.மீ., ஆழம் சாய்வாக 25.4 முதல் 57.1 மி.மீ. வரை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 10 செ.மீ. நீளம், 5.7 செ.மீ. அகலத்தில் ஒரு துண்டு வெட்டி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தொட்டுக்கொள்ளும்படி சுருட்டி வெளியே டேப் ஒட்டினால் ஏறக்குறைய அதே குழாய் வந்துவிடும். அமுக்காமல் வைத்து, எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுதாக உள்ளே இறங்கிவிடும் பாகம் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. உருண்டைக்கு மட்டும் இது போதாது. 14 செ.மீ. நீளத்தில் இன்னொரு துண்டு வெட்டி வளையமாக்குங்கள். அதன் விட்டம் 44.5 மி.மீ. பந்து போல உருண்ட எதுவும் அதன் வழியே விழக் கூடாது. பிங்பாங் பந்து 40 மி.மீ.தான். அட்டைக் குழாயில் அது இறங்காது, ஆனால் வளையத்தில் விழுந்துவிடும். பொம்மைத் தக்காளியும் எலுமிச்சையும் இந்த இடத்தில்தான் ஏமாற்றும்.

இனிச் சமையல் சாமான். மூன்று வழிகள் இருக்கின்றன: பிளாஸ்டிக் செட், மரச் சொப்பு, வீட்டு அடுக்களையிலிருந்தே எடுத்துக் கொடுக்கும் பாத்திரம்.

பிளாஸ்டிக் செட் லேசாக இருக்கும், காலில் விழுந்தால் வலிக்காது, கழுவி எடுக்கலாம். தொல்லை எண்ணிக்கையில் இருக்கிறது. நாற்பது ஐம்பது சாமான் என்று பெட்டி பெருமையாகச் சொல்லும். அதில் முட்டை, மிளகாய், அடுப்புத் திருகு, குழாய் முனை என்று அட்டைக் குழாயில் இறங்குபவை ஏராளம். வெட்டி விளையாடும் காய்களில் இரண்டு பாதியைப் பிடித்து வைக்கும் வெல்க்ரோ வட்டத்தைக் கவனியுங்கள். பசையில்தான் ஒட்டியிருக்கும். குன்னூரில் ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் வெயில் காணாத வீட்டில் அந்தப் பசை இளகி, வட்டம் ஓரத்தில் நிமிர ஆரம்பிக்கும். நகத்தால் நெம்பிப் பாருங்கள், அசைந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். வெல்க்ரோவுக்குப் பதில் காந்தம் வைத்த காய்கள் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும்.

பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. அரைக்கோளமாக, வாய் அகலம் 6.4 முதல் 10.2 செ.மீ. வரை இருந்தால், மூக்கையும் வாயையும் மூடி உறிஞ்சிக்கொண்டு நின்றுவிடலாம். அடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று துளை போட்டு விளிம்பைத் தேய்த்துக் கொடுங்கள், அல்லது அடி தட்டையான கிண்ணமாகப் பார்த்து வாங்குங்கள். மலைக்கே உரிய சங்கடமும் உண்டு. ஊட்டியில் தை மாத உறைபனி இரவில் வாசலில் கிடந்த பாலிபுரொப்பிலீன் சாமான் விறைத்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். காலையில் கீழே போட்டால் விரிசல் விடும், விரிசல் விட்ட ஓரம் கையைக் கிழிக்கும். இரவில் உள்ளே எடுத்து வையுங்கள்.

மரச் சொப்பு பழனி அடிவாரக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். அம்பாசமுத்திரமும் சென்னபட்டணாவும் இந்தக் கடைசல் வேலைக்குப் பேர் போன ஊர்கள். கையில் எடுத்தால் கனமும் வழவழப்பும் அருமையாக இருக்கும். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் செட்டை அட்டைக் குழாயில் போட்டுப் பார்த்தால் மனம் சங்கடப்படும். அம்மியின் குழவி விழும், சட்டியின் மூடி விழும். உலக்கை குழாய்க்கு மேலே நீட்டிக்கொண்டு நின்று தப்பித்துவிடும், ஆனால் மெலிந்த நீளக் குச்சியை வாயில் வைத்துக்கொண்டு நடந்து விழுந்தால் மேல் அண்ணத்தில் குத்தும். அடுப்பும் குடமும் ஆட்டுக்கல்லின் அடிப்பாகமும் தேறினால் பெரிது. மீதியைப் பாட்டி பெட்டியில் பூட்டி வைக்கட்டும், மூன்று முடிந்ததும் எடுக்கலாம். முடிந்தால் ஒவ்வொன்றும் 6 செ.மீ.க்குக் குறையாத பெரிய சொப்பு கேட்டு வாங்குங்கள்.

பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பேட்டரி இல்லாத பொம்மையில் முத்திரையோடு ஐஎஸ் 9873 என்ற எண்ணும், சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற கைவினைஞர் செய்யும் பொம்மைக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் இதில் விலக்கு உண்டு. ஆகவே மரச் சொப்பில் முத்திரை இல்லை என்பதாலேயே அது கள்ளச் சரக்கு ஆகிவிடாது. சோதிக்கும் பொறுப்பு உங்கள் கைக்கு வருகிறது, அவ்வளவுதான். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். சாயம் இறங்கினால் வேண்டாம். இறங்காவிட்டாலும் உள்ளே ஈயம் இல்லை என்று அர்த்தமில்லை, அதனால் எனாமல் பெயிண்ட் அடித்ததை விட அரக்குப் பூசியதோ வண்ணமே இல்லாததோ மேல். அரக்குச் சாமானைச் சானிடைசரால் துடைக்காதீர்கள், ஆல்கஹாலில் அரக்கு கரையும். வெந்நீரும் ஹீட்டர் பக்கமும் ஆகாது. அரக்கு இளகும், மரம் வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் போதும். அரக்குப் படாத அடிப்பக்கத்தில்தான் பூசணம் பிடிக்கும், மாதம் ஒரு தடவையாவது கவிழ்த்துப் பாருங்கள்.

சமையல் விளையாட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் விட அடுக்களைப் பாத்திரத்துக்கே எங்கள் ஓட்டு. ஒரு டபரா, ஒரு தம்ளர், கைப்பிடி குட்டையான அகலக் கரண்டி, கால் படிச் சட்டி, ஒரு தட்டு. ஐந்து சாமான் போதும். எவர்சில்வர் என்றால் துருப்பிடிக்காது, பூசணம் ஏறாது, குழந்தை அம்மா கையில் பார்த்த அதே பொருள். விளிம்பைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சை ஓட்டுங்கள், இழை சிக்கினால் அந்தப் பாத்திரம் வேண்டாம். கைப்பிடி ரிவெட் ஆடுகிறதா என்று பாருங்கள். இட்லித் தட்டைத் தவிருங்கள். நடுத்துளை 6 மி.மீ.க்கும் 12 மி.மீ.க்கும் இடையில் இருந்தால் பிஞ்சு விரல் நுழைந்து மாட்டிக்கொள்ளும், வீங்கினால் எடுப்பது பெரும்பாடு. கடையில் விற்கும் குட்டி ஸ்டீல் சொப்பு செட் இதற்கு மாற்று ஆகாது. தகடு மெலிசு, ஓரம் கூர்மை, சாமான்களும் பொடிசு.

சட்டிக்குள் என்ன போடுவது? அரிசி, பட்டாணி, நிலக்கடலை, பாசிப்பயறு எதுவும் கூடாது. மூக்குக்குள்ளும் மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும். மரத்தடியில் பொறுக்கிய யூகலிப்டஸ் காயும் அப்படித்தான். மலையில் இதற்கு விலையே இல்லாத பதில் இருக்கிறது: 6 செ.மீ.க்கு மேல் உள்ள முழு உருளைக்கிழங்கு, நூக்கல், சௌசௌ. கழுவித் துடைத்துக் கொடுங்கள். சட்டியில் போட்டுக் கிண்டி "அப்பத்தாவுக்கு ஊட்டிவிடு கண்ணு" என்றால் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும். சௌசௌவின் வரிப்பள்ளத்தில் விரல் ஓட்டிப் பார்க்கும் சுகத்தைப் பிளாஸ்டிக் காய் தராது. உருளை முளை விட்டாலோ பச்சை ஏறினாலோ தூக்கிப் போடுங்கள். கேரட் மட்டும் வேண்டாம். பச்சைக் கேரட்டைக் கடித்தால் கெட்டித் துண்டாக உடைந்து தொண்டையில் நிற்கும்.

பெருக்குவதில் கதை வேறு. இங்கே பிளாஸ்டிக் செட்தான் ஜெயிக்கிறது. நிஜச் சீமாற்றில் தென்னங்குச்சி கண்ணுக்கு ஆபத்து. பூந்துடைப்பம் மென்மையானதுதான், ஆனால் புதிதில் பூ உதிர்ந்து மூக்கில் ஏறும். பெரியவர்கள் சில வாரம் பெருக்கிய பிறகே குழந்தைக்கு ஆகும். அதன் பிடியை அறுத்துக் குட்டையாக்கினால் வெட்டிய முனை கத்தி போல நிற்கும். 120-ஆம் நம்பர் உப்புக் காகிதத்தில் தேய்த்துப் பருத்தித் துணி சுற்றித் தைக்க வேண்டும். அத்தனை பாடுக்குப் பொம்மைத் துடைப்பம் வாங்கிவிடலாம். கம்பி மூன்று துண்டாகத் திருகிச் சேர்ப்பதாக இருந்தால் நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். 80 செ.மீ. உயரக் குழந்தைக்கு 55 செ.மீ. கம்பி சரியாக இருக்கும். கம்பியின் மேல் முனையைக் கண்டிப்பாகப் பாருங்கள். அங்கே செருகியிருக்கும் மூடி சுண்டுவிரல் அகலம்தான் இருக்கும், கடித்து இழுத்தால் கையோடு வரும். அது கழன்று வரும் செட் என்றால் வாங்காதீர்கள், பசை போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். தொங்கவிடும் கயிறு ஒரு சாணுக்கு மேல் இருந்தால் வெட்டிவிடுங்கள்.

செட்டோடு வரும் ஸ்பாஞ்சு மாப்பை மழைக்காலத்தில் கொடுக்க வேண்டாம். காயாமல் நாறும், குழந்தை அதைச் சப்பும். பழைய பனியன் துணி ஒரு சதுரம் போதும், துடைத்ததும் துவைத்துப் போடலாம். வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு நகராதீர்கள். இந்த வயதில் தலை கனம், கவிழ்ந்தால் எழ முடியாது, 5 செ.மீ. தண்ணீரே போதும். வீடு துடைக்கும் தண்ணீரில் நீலகிரித் தைலம் விடும் வழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. அந்தத் தண்ணீரும் தைலப் பாட்டிலும் குழந்தை விளையாடும் அறைக்கே வரக் கூடாது. ஒரு டீஸ்பூன் குடித்தாலே வலிப்பு வரலாம்.

இஸ்திரிப் பெட்டி, மிக்ஸி, வாஷிங் மெஷின் போலச் சத்தமும் விளக்கும் உள்ளவை: பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இல்லையென்றால் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 20 மி.மீ. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்கத் தொடங்கிவிடும். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு இறங்கவே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆகும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், பேட்டரியின் உறையோ பொம்மையோ கையில் இருக்கட்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மூடியை இறுக்கிக் கொடுத்தால் அதே இஸ்திரிப் பெட்டி ஆபத்தில்லாத சாமான். "உஸ்ஸ்" என்ற சத்தத்தைக் குழந்தை தன் வாயாலேயே போட்டுக்கொள்ளும்.